இடுப்பு வார்

கையை வைப்பதற்குப் பயிற்சி உண்டு, எடுப்பதற்குக் கிடையாது. எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், குதிரை திரும்பும்போது எந்த விரல் முதலில் இறுக வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித் தந்தார்கள். எடுக்க வேண்டிய நேரத்தை மட்டும் எவரும் சொல்லவில்லை. அதைப் பிள்ளையின் உடம்புதான் சொல்லும். சொல்லும்போது கேட்கிற அளவுக்கு நம் கை சும்மா இருக்க வேண்டும். என் கை எப்போதாவது சும்மா இருந்திருக்கிறதா?

பிரிஸ்கில்லாவை இப்படி யோசிக்க வைத்த பொருள் அவள் மடியில் கிடந்தது. ஆட்டுத்தோலில் தைத்த இடுப்பு வார். முன்பக்கம் கொக்கி, பின்பக்கம் நான்கு விரல் நுழைகிற மாதிரி ஒரு கைப்பிடி. ஒரு காலத்தில் வெளிர் மஞ்சளாக இருந்த தோல். கைப்பிடி மட்டும் ஈரக் களிமண் போலக் கறுத்து, அவளுடைய விரல்கள் பதிந்த பள்ளங்களோடு அப்படியே இருந்தது. விரல்களை நுழைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நுழைக்கவில்லை.

"பழைய பெல்ட்டுதான் மிஸ். நீளம் பத்தலன்னு ரெண்டு பக்கமும் நான்தான் ஒட்டு போட்டேன்" என்றாள் ஷஹீன் பானு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகனின் கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைப் புடவையில் அவள் யாருடைய வீட்டுக்கோ விருந்தாளியாக வந்தவள்போலத் தெரிந்தாள்.

வெளியே கூடம் நிறைய உறவுக்காரர்கள். பின்சந்திலிருந்து விறகுப் புகையும் பிரியாணி தம் போட்ட வாசனையும் ஜன்னல் வழியாக வந்தன. அவற்றுக்கு அடியில், இந்த ஊரில் எப்போதும் இருக்கிற இன்னொரு வாசனை, சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாசனை, மெல்லியதாக இருந்தது. ஆம்பூருக்கு வந்து இறங்கும் முதல் நிமிடம் மட்டும் அது மூக்கில் ஏறும். அப்புறம் தன் உடம்பின் வாசனைபோல மறந்துபோகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாலை அஸர் தொழுகை முடிந்துவிடும். முடிந்ததும் அவள் மகன் முஜாஹித் குதிரை ஏறிப் பள்ளிவாசலுக்கு, நிக்காஹுக்குக் கிளம்ப வேண்டும்.

"அவங்கப்பா கையால தெச்சது, ஞாபகமா உள்ள கட்டிக்கடான்னேன். சரி அம்மீன்னான். தையக்காரர்கிட்ட சொல்லி ஷெர்வானிக்குப் பின்னால ஒரு கட்டிங் வெச்சிருக்கேன் மிஸ். அது வழியா கைப்பிடி மட்டும் வெளிய வரும். துப்பட்டா மாதிரி ஒண்ணு போர்த்தி விட்டுடறேன். நீங்க பக்கத்துல நடந்து, உள்ள கைய வுட்டு புடிச்சுக்கினு வாங்க. யாருக்கும் தெரியாது."

"முஜாஹிதுக்கு?"

"அவனுக்கு எதுக்கு?"

ஷஹீன் பானு குரலைத் தணித்தாள்.

"பொண்ணோட மாமுங்க நாலு பேரும் பள்ளிவாசல் வாசல்லயே நிக்கறாங்க. மாப்பிள்ளை குதிரையிலயா வராருன்னு கேட்டாங்க. சிரிச்சிக்கினே கேட்டாங்க மிஸ். ஸ்டிக்கு வெச்சி நடக்கறவனுக்குப் பொண்ணு குடுக்கறோம்னு அவங்களுக்கு ஏற்கெனவே மனசு இல்ல. சானியா புடிவாதமா நின்னா, அதனால நடக்குது. இன்னிக்கு இவன் அங்க போயி விழுந்தான்னு வெச்சிக்குங்க, ஆயுசுக்கும் அந்தப் பொண்ணு முன்னால நிமிர மாட்டான். கார்ல போடான்னா கேக்கலியே."

அவள் பார்வை கதவுப் பக்கம் போனது. கதவுக்கு அந்தப் பக்கம்தான் செருப்புகள் கிடந்தன.

"ஷூ போட்டுக்கினுதான வந்திருக்கீங்க. நான் பாத்துட்டேன். நீங்களும் நெனச்சிக்கினுதான் வந்திருக்கீங்க."

காலையில் வேலூரில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பிரிஸ்கில்லாவின் தங்கை ஜெஸியும் அதைத்தான் கேட்டாள். பட்டுப்புடவைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைப் பார்த்துவிட்டு, "நீ கல்யாணத்துக்குப் போறியா, டியூட்டிக்குப் போறியா?" என்றாள். அப்போதுதான் பிரிஸ்கில்லாவே குனிந்து பார்த்தாள். கால்கள் தாமாகவே போட்டுக்கொண்டிருந்தன. மாற்றிக்கொள்ள நேரமிருந்தும் மாற்றவில்லை.

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. லாங் பஜாரில் கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே காய்கறிப் பையோடு நடக்கும்போது, வலது கை பாதி உயர்ந்து, ஒரு பிள்ளையின் தொடை இருக்கும் உயரத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவர்கள் வழி கேட்கிறாள் என்று நினைத்து நிற்பார்கள். தூக்கத்திலும் நடக்கிறாள். கனவில் குதிரை தெரிவதில்லை. அதன் வயிற்றுச் சூடு மட்டும் வலது பக்கம் கூடவே வரும். மணலில் குளம்பு புதையும் மெல்லிய ஓசை. எங்கேயும் போய்ச் சேராத நடை. விழித்ததும் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்ச நேரம் அதை மூடியே வைத்திருப்பாள்.

ஊரில் அதற்குக் குதிரை க்ளாஸ் என்று பெயர். சிறப்புப் பள்ளிக்குப் பின்னால், ஒரு காலத்தில் தோல்களைச் சட்டத்தில் அடித்துக் காயவைத்த மைதானம் சும்மா கிடந்தது. பெங்களூரில் பயிற்சி முடித்துத் திரும்பிய பிரிஸ்கில்லா அங்கேதான் தொடங்கினாள். குதிரை வாங்கப் பள்ளிக்கு வசதியில்லை. கல்யாணங்களுக்குக் குதிரை விடும் ஜியாவுல்லாவிடம் வெள்ளைக் குதிரை ஒன்று இருந்தது. ராத்திரி மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரை காலையில் பிள்ளைகளைச் சுமந்தது. பேண்டு, வேட்டு, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் பழகிய மிருகம் என்பதால், ஒரு பிள்ளை திடீரென்று கூவினாலும் மிரளாது. முந்தின ராத்திரியின் ஜிகினா அதன் கழுத்தில் ஒட்டியிருக்கும். பிடரி மயிருக்குள் வாடிய மல்லிகை அகப்படும். பிள்ளைகள் இறங்கும்போது அவர்களுடைய கைகள் மினுங்கும். தயிர்சாதம் தவிர எதையும் தொடாத ஒரு சிறுமி அந்தக் குதிரைக்குத் தயிர் என்று பெயர் வைத்தாள். அது குட்டி போட்டபோது ஜியாவுல்லா குட்டியைச் சாந்தினி என்று அழைத்துப் பார்த்தான். தயிரிலிருந்து வந்தது மோர்தானே என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். மோர்தான் நிலைத்தது.

நடக்கும் குதிரையின் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், கொஞ்சம் மேலும் கீழும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் அப்படித்தான். நடந்தே அறியாத பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்தால், கால்கள் தொங்கிக்கொண்டிருக்க, இடுப்பு மட்டும் நடக்கத் தொடங்கும். பிரிஸ்கில்லா தன் ஆயுளில் பார்த்ததெல்லாம் அதைத்தான் என்று சொல்லலாம். அலுத்ததே இல்லை. முதலில் தொடையின் குறுக்கே ஒரு கை, வாரில் ஒரு கை. பிறகு வார் மட்டும். பிறகு குதிகாலில் ஒரு விரல். பிறகு தொடாமல் பக்கத்தில் நடப்பது. கடைசியாக ஒரு எட்டு பின்தங்கி நடப்பது. அந்தக் கடைசிப் படியைப் பிள்ளைகள் 'தனியா' என்பார்கள். இன்னிக்குத் தனியாவா மிஸ் என்று கேட்பார்கள்.

முஜாஹித் ஐந்து வயதில் வந்தான். இரண்டு கால்களும் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். பள்ளியில் இருந்த நைலான் வார் அவன் தோலை அறுத்தது. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்த அவன் அப்பா ஹஸன், ஷூவுக்குள் உள்துணிக்குப் பதிலாகப் போடும் மிருதுவான ஆட்டுத்தோலில் இந்த வாரைத் தைத்துக் கொண்டுவந்தார். பிரிஸ்கில்லாவின் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைப்பிடியின் அளவை எடுத்தார். ஹஸன் இறந்து ஆறேழு வருடம் இருக்கும். அவர் அளவெடுத்தது அவளுடைய கைக்குத்தான், பிள்ளையின் இடுப்புக்கல்ல என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.

எட்டு வயதில் முஜாஹித் ஒரு நாள் சரிந்தான். மைதானத்துக்கு வெளியே எதுவோ விழுந்த சத்தத்தில் தயிர் நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. பிரிஸ்கில்லா வாரோடு அவனைத் தூக்கிப் பிடித்தாள். தோளில் எதுவோ கிழிந்தது. மழைக்காலத்தில் இன்றும் அது அவளிடம் பேசும். அன்று வேலியோரம் நின்றிருந்த ஷஹீன் பானு எல்லாவற்றையும் பார்த்தாள். அதைத்தான் இப்போதும் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்கதான புடிச்சீங்க. வேற யாரை நான் கேக்கறது?"

"குதிரையைப் பாத்துட்டு வர்றேன்" என்று பிரிஸ்கில்லா எழுந்தாள். வாரைக் கட்டில்மேல் வைத்தாள். வைத்துவிட்டுக் கதவுவரை போகும் தூரம் கனமாக இருந்தது.

குதிரை தெருக்கோடியில், வேப்பமர நிழலில் நின்றது. மோருக்கும் வயதாகிவிட்டது. கண்களைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. நெற்றியில் முத்துத் தொங்கல், முதுகில் சிவப்பு வெல்வெட்டு. பிரிஸ்கில்லா பக்கத்தில் போனதும் அது தலையைத் திருப்பி அவளுடைய வலது கைக்கு அடியில் மூக்கை நுழைத்தது. வருடங்களைத் தாண்டி வந்த அந்த மூச்சின் ஈரத்தில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். தெரு மறந்துபோயிற்று.

"இன்னா மிஸ், பட்டுக்கு மேட்ச்சா ஷூ எடுத்தீங்களா?" என்றான் ஜியாவுல்லா. தாடி முழுக்க வெளுத்திருந்தது. கேலி மட்டும் வெளுக்கவில்லை.

"உன் தலையில இருக்கற ஜரிகைக் குல்லா மட்டும் ரொம்பப் பொருத்தமா?"

"இது யூனிபார்ம். இன்னிக்கு பேண்டு கெடையாது தெரியுமா? ஜமாத்ல வேணாம்னுட்டாங்க. குதிரைக்கே ஜாஸ்தி பேச்சு. கடைசில, சத்தம் போடாம போறதுன்னா போங்கன்னாங்க. சத்தமில்லாத ஊர்வலம் என் சர்வீஸ்ல இதான் மொதல்."

"இவளுக்குச் சத்தமில்லாதது பழக்கம்தானே" என்று பிரிஸ்கில்லா குதிரையின் கழுத்தைத் தடவினாள். "ஜியா, அவன் உக்காந்து பதினொரு பன்னெண்டு வருஷம் ஆச்சு. திடீர்னு இன்னிக்கு ஏத்தறியே."

ஜியாவுல்லா கடிவாளத்தைச் சரிசெய்கிறவன்போலத் திரும்பிக்கொண்டான்.

"உங்ககிட்ட சொல்லலியா அவன்?"

"என்ன?"

"ஆடி மாசத்துலேர்ந்து வெள்ளிக்கிழமைல வர்றான். கம்பெனி லீவு நாள்ல. விடிஞ்சதும் ஆத்து மணல்ல ரெண்டு ரவுண்டு. பேஜாராயிடாதீங்க மிஸ். மிஸ்ஸுகிட்ட சொல்லேன்டான்னேன். 'மிஸ்ஸு வந்தா கை வெச்சிடுவாங்க ஜியா பாய்'னு சிரிக்கறான்."

பாலாற்று மணலில் விடியும் நேரம் அவளுக்குக் கண்ணில் வந்தது. மூட்டத்துக்குள் வெள்ளைக் குதிரை, மேலே அவன், பக்கத்தில் நடக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லை. அந்த இடம் காலியாக, அவளுடைய உருவ அளவுக்குக் காலியாக, அவர்களோடு கூடவே நடந்தது. சிறு பிள்ளையின் கோபம் ஒன்று நெஞ்சில் எழுந்தது. வேலூரிலிருந்து ஒரு மணி நேரம். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே. கூப்பிட்டிருந்தால் வந்து கை வைத்திருப்பாய், அதைத்தானே சொன்னான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"அப்போ தனியா போறானா?"

"எங்க? கால்ல ஒரு கை நான் வெச்சிக்கினுதான் இருப்பேன். எடு பாய், எடு பாய்ன்னு கத்துவான். நமக்கு எதுக்கு வம்பு? விழுந்தான்னா அவங்கம்மா என்ன தோலுரிச்சி டேனரிக்கு அனுப்பிடும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் கணக்கு மனதில் தெளிந்தது. பதினான்கு வயதில் வேலூரில் இரண்டு கால்களிலும் ஆபரேஷன், மாவுக்கட்டு, அப்புறம் படிப்பு, அப்புறம் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. குதிரைக்கு அவன் திரும்பவே இல்லை. எல்லாப் படியும் முடிந்திருந்தது, ஒன்றைத் தவிர. கடைசியாக வந்த நாளில்கூட, இன்னிக்குத் தனியாவா மிஸ் என்று கேட்டான். அடுத்த வாரம் என்றாள். அடுத்த வாரம் வரவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ கைகள் அவனிடமிருந்து எடுக்கப்படாமலே இருந்துவிட்டன.

தொழுகை முடிந்து ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். முஜாஹித் வாசலில் தோன்றினான். தந்த நிற ஷெர்வானி, இரண்டு கைகளிலும் அலுமினியம் ஸ்டிக்குகள், முகத்துக்கு முன்னால் மல்லிகைச் சரங்களாலான சேஹ்ரா. ஒரு ஸ்டிக், ஒரு கால், இன்னொரு ஸ்டிக், இன்னொரு கால். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுடைய நான்கு கால் நடையைப் பார்த்தது. ஏறுவதற்குப் போட்டிருந்த மரப்படிக்கு வந்ததும் பூச்சரங்களை விலக்கி அவளைத் தேடினான். முகத்தில் அவள் அறிந்த ஐந்து வயது அப்படியே இருந்தது.

"மிஸ்."

"சொல்லுடா."

"நெஞ்சு டமடமன்னு அடிக்குது. பேண்டு இல்லாதது நல்லதாப் போச்சு, இதுவே போதும்."

"கல்யாணத்துக்கா, குதிரைக்கா?"

"தெரியல மிஸ்." பிறகு மெதுவாக, "பக்கத்துல வருவீங்கல்ல?"

"வர்றேன்."

எப்படி வருவீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவனை ஏற்றியது ஜியாவுல்லாவும் இரண்டு உறவுக்காரர்களும். வலது காலைக் குதிரையின் முதுகுக்கு மேலாக எடுத்து அந்தப் பக்கம் போடும்போது அவன் பல்லைக் கடித்தான். ஸ்டிக்குகளை யாரோ வாங்கிக்கொண்டார்கள். நிமிர்ந்தபோது அவன் திடீரென்று எல்லோரையும்விட உயரமாக இருந்தான். கீழேயிருந்தே உலகத்தைப் பார்த்துப் பழகியவனின் முகம், இப்போது மொட்டைமாடியில் நின்ற பெண்களின் முகங்களுக்குக் கொஞ்சம் தாழ்வில் இருந்தது. மேற்கே இறங்கிய வெயில் வெல்வெட்டின் கண்ணாடிச் சரிகையில் பட்டுச் சிதறியது. மோர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றியது. அவன் இடுப்பு அதற்குப் பதில் சொல்கிறதா என்று பிரிஸ்கில்லா பார்த்தாள். கண்ணால் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளங்கை பார்த்தது. குதிரை இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு நொடி தாமதித்து, அவனும் நடுவுக்கு வந்தான். அந்த ஒரு நொடிதான் பயம். அதற்கு அப்புறம் வந்தது அவனுடையது.

அவள் தன் வழக்கமான இடத்தில், குதிரையின் இடப்பக்கம், அவனுடைய முழங்காலுக்கு அருகே நின்றிருந்தாள். எப்போது அங்கே வந்து நின்றாள் என்று தெரியவில்லை. ஷஹீன் பானு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மகனின் தோளில் ஜரிகைத் துணியைப் போர்த்தி, பின்னால் இழுத்துவிட்டாள். துணிக்கு அடியில், ஷெர்வானியின் பிளவு வழியே, அந்தக் கைப்பிடி வெளியே வந்திருந்தது. கறுத்த, தேய்ந்த, அவளுக்கென்றே அளவெடுத்த வளையம். அது சற்று அகன்று, ஒரு கையைக் கேட்டு நின்றது.

பிரிஸ்கில்லா இரண்டு விரலால் அதைத் தொட்டாள். ஹஸனின் தையல் இன்னும் ஒன்றுகூட விடவில்லை. தோல் அவனுடைய உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. கனவிலிருந்து விழிக்கும்போது கையில் மிச்சமிருக்கும் அதே சூடு. பிடித்தால் போதும். யாருக்கும் தெரியாது. பள்ளிவாசல்வரை நடந்துவிடலாம், அந்த மாமன்மார்கள் முன்னால் நிற்கலாம், தோள் கிழிந்தாலும் பிடித்துவிடலாம். தெரியப்போவது ஒருவனுக்கு மட்டும். வாரில் எடை விழுந்த நொடியில் அவன் இடுப்பு அதை அறிந்துவிடும். பூச்சரங்களுக்குப் பின்னால் அவன் முகம் எப்படி இருக்கும் என்பதை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஜியாவுல்லா அவளைப் பார்த்தான். கடிவாளத்தைப் பிடித்திருந்த கையைத் தவிர இன்னொன்றை அவன் முஜாஹிதின் பாதத்தில் வைத்திருந்தான். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"புடிங்க மிஸ்" என்றாள் ஷஹீன் பானு, உதடு அசையாமல். "கெளம்பப் போவுது. புடிங்க."

சட்டைக் காலருக்கு வெளியே எட்டிப்பார்க்கும் பட்டையை உள்ளே தள்ளிவிடுகிற மாதிரி, பிரிஸ்கில்லா அந்தக் கைப்பிடியை மடித்து ஷெர்வானிக்குள் செருகினாள். பிளவின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒருமுறை நீவிவிட்டாள்.

"மிஸ்" என்றாள் ஷஹீன் பானு. அவளுடைய விரல்கள் பிரிஸ்கில்லாவின் மணிக்கட்டைப் பற்றின. சில்லிட்ட, மருதாணிச் சிவப்பான விரல்கள். "உங்கள கையெடுத்துக் கும்புடறேன்."

"வேணாம் ஷஹீன்" என்றாள் பிரிஸ்கில்லா. "என்கூட நட."

மோர் முதல் அடியை எடுத்து வைத்தது. பேண்டு இல்லாத தெருவில் லாடத்தின் ஓசை தனியாக எழுந்தது. பிரிஸ்கில்லா ஓர் எட்டு பின்தங்கினாள். மேலே எழ முயன்ற வலது கையை இடது கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். அதன் மணிக்கட்டை ஷஹீன் பானு இன்னும் விடவில்லை. முன்னால், தந்த நிறத் துணிக்குள், அவனுடைய இடுப்பு இடதும் வலதுமாக நடக்கத் தொடங்கியிருந்தது.